கழுத்தாழ மண்

மழை பெய்தால் மண்வாசனைக்குக்கூடக் கீழூர்ப் பக்கமிருந்து காற்று வரட்டும் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஊர் ஒன்று உண்டென்றால் அது கல்லாம்பொத்தைதான். ஊருக்கு அடியிலும் பாறை, ஊருக்குப் பின்னாலும் பாறை, வீட்டுக்குள் பாய் விரித்துப் படுத்தாலும் முதுகுக்குக் கீழே பாறை. வேலிக்கல்லும் அஸ்திவாரக்கல்லும் உடைத்து டிராக்டரில் ஏற்றி அனுப்பி, அந்த வரும்படியில் அரிசி பருப்பு வாங்கிச் சாப்பிட்டு, பெண்டு பிள்ளைகளோடு நல்லபடியாகத்தான் இருந்தார்கள். ஒரு குறையும் இல்லை, மண்ணைத் தவிர. "நீ மண்ணாப் போக" என்று யாராவது ஏசினால் ஏச்சு வாங்கினவன் கோபப்பட மாட்டான், போனால் என் வீட்டு வாசலிலேயே போகிறேன், என் பெண்டாட்டி ஒரு கீரைப்பாத்தியாவது போட்டுக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பான். அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண் பீரோ கட்டிலோடு ஒரு கூடை மண்ணும் கொண்டுவர வேண்டும். மண்சீர் என்று பெயர். பிறந்த வீட்டுக் கொல்லையில் எடுத்த மண்ணைத் தன் தலையிலேயே சுமந்து வந்து, புகுந்த வீட்டு முற்றத்தில் இருக்கிற கல்தொட்டியில் கொட்டி, அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று ஊன்றினால்தான் அவள் அந்த வீட்டு மருமகள். தாலி ஏறினது கணக்கில்லை, கன்று தழைத்தால்தான் கணக்கு. ஊரில் யார் வீட்டு மருமகள் எந்த ஊர் என்று தெரிய வேண்டுமானால் முகத்தைப் பார்க்க வேண்டாம், தொட்டியைப் பார்த்தால் போதும்; கரிசல் தொட்டி, செவல் தொட்டி, தேரிமணல் தொட்டி என்று வாசலுக்கு வாசல் ஒவ்வொரு சீமை உட்கார்ந்திருக்கும்.

பிரமு ஆற்றங்கரைப் பெண். நடந்தால் கால் புதைகிற வண்டலில் பிறந்து, கத்தரியும் வெண்டையும் தானாக முளைக்கிற கொல்லையில் வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து கணவன் வண்டிமலையோடு கல்லாம்பொத்தைக்கு வந்து இறங்கி, மேளம் முன்னால் போக, தலையில் கூடையோடு முற்றத்துக்குள் கால் வைத்தவள், தலைமுறை தலைமுறையாக மிதித்து மிதித்து வழவழவென்று ஆகிப்போன அந்தப் பாறையில் வழுக்கிவிட்டாள். அவள் விழவில்லை, வண்டிமலை கையைப் பிடித்துக்கொண்டான். கூடைதான் கவிழ்ந்தது. மண் அவ்வளவும் வெறும் பாறையில் கொட்டிப்போயிற்று, மேளக்காரர்கள் அடிக்கிறதை நிறுத்திவிட்டார்கள், பக்கத்து வீட்டுக் கோமு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

சகுனம் சரியில்லை என்று நாலு பேர் முணுமுணுக்கிறதற்கு முன்னால் மாமனார் மாசானம் முந்திக்கொண்டார். கல்லில் விழுந்த மண் எங்கே ஓடிப்போகப் போகிறது, காலையில் கூட்டி அள்ளிக்கொள்ளலாம், அந்தப் பிள்ளைக்கு முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று அதட்டினார். அந்த ஒரு பேச்சுக்காகவே பிரமுவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

காலையில் அவள் விளக்குமாறும் கையுமாக வந்து கூட்டி அள்ளினாள். தொட்டி நிறைந்தது, கறிவேப்பிலைக் கன்றையும் ஊன்றினாள். மண் மிச்சமிருந்தது. கூடையில் அள்ளினாள், கூடையும் நிறைந்தது. பக்கத்து வீட்டில் ஓட்டைக்குடம் இரவல் வாங்கி அதையும் நிறைத்துவிட்டுப் பார்த்தால், கூட்டின இடத்தில் விளக்குமாற்றுத் தடத்தோடு மண் இன்னும் கிடந்தது, மெத்தென்று, இட்லி மாவு பொங்கின மாதிரி. அண்ணி முறையாகிற கோமு மயினி வந்து எட்டிப் பார்த்தாள். நான் பிறந்த ஊர் மண்ணென்றால் இந்நேரம் காற்றில் பறந்திருக்கும், உங்க ஊர் மண்ணுக்கு உட்கார்ந்த இடம் பிடித்துவிட்டது போல என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுத் தொட்டிக்கும் ரெண்டு கை அள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. யாரும் அதிசயப்பட்டுக் கூட்டம் கூடவில்லை, கல் உடைக்க நேரமாயிற்றென்று அவரவர் போய்விட்டார்கள்.

ஆனால் மண் நிற்கவில்லை. நாளுக்கு நாள் முற்றத்தில் அகலமாகப் பரவி, சுவர் வரைக்கும் வந்து, சுவரைத் தொட்டதும் மரியாதையாக நின்றுகொண்டு, அப்புறம் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. மாசானம் ஒரு நாள் காலையில் கடப்பாரையை எடுத்து ஓங்கி ஊன்றிப் பார்த்தார். ஆயுள் முழுக்க அந்தக் கடப்பாரை பாறையில் பட்டு 'ணங்' என்றுதான் பேசியிருக்கிறது. அன்றைக்குச் சத்தமே இல்லாமல் முழங்கால் ஆழம் போய் நின்றது. மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. என் பாட்டன் காலத்திலிருந்து உளி தெறித்த பாறை, இப்படி இளகிப்போயிற்றே என்று கொஞ்சநேரம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். அன்றையிலிருந்து காலையில் பல் விளக்குகிறதற்கு முன்னால் கடப்பாரையை ஊன்றி ஆழம் பார்க்கிறது அவருக்கு வாடிக்கையாகிவிட்டது.

ஊரும் பழகிக்கொண்டது, பழகாமல் என்ன செய்யும். கல் உடைத்துக் கல் உடைத்துப் பித்தவெடிப்புப் பிடித்த காலை அந்த மண்ணில் கொஞ்சநேரம் புதைத்து வைத்தால் சுகமாக இருக்கிறதென்று வேலை முடிந்து வருகிறவர்கள் வரிசையாக வந்து முற்றத்தில் கால் புதைத்து நின்றார்கள். செருப்போடு யாரும் ஏறவில்லை, எச்சில் துப்பவில்லை, யாரும் சொல்லாமலே அது ஒரு வழக்கமாயிற்று. ஊர்க்கோழிகள் வந்து நின்று முழித்தன; பாறையைக் கொத்திப் பழகின ஜென்மங்கள், சீய்க்கத் தெரியாமல் ஒரு காலைத் தூக்கினபடி யோசித்து யோசித்து, ஒரு கிழட்டுப் பெட்டை தற்செயலாக ஒரு சீய்ப்புச் சீய்த்துவிட, அவ்வளவுதான், அன்றைக்கு ஊரில் ஒரு கோழியும் முட்டையிட வீட்டுக்குப் போகவில்லை. மண்புழு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. முதல் மழை பெய்த அன்று, எப்போதும் பாறையில் விழுந்த வேகத்தில் கீழூருக்கு ஓடிப்போகிற தண்ணீர், இந்த ஒரு முற்றத்தில் மட்டும் ஓடாமல் நின்று, உறிஞ்சி உறிஞ்சி உள்ளே இறங்கியது. ஊர்ச்சனம் முழுக்கச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்று, மண் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைக் கேட்டது. சொந்த மண்வாசனை. சில பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மழை பெய்ததால் யாரும் யாரையும் கவனிக்கவில்லை.

வளர்கிற மண்ணுக்கு வயிறும் இருந்தது. வேப்பிலை, வைக்கோல், சாணி, சாம்பல், வாழைமட்டை, எதைப் போட்டாலும் ரெண்டு நாளில் இருந்த இடம் தெரியாமல் தின்று கறுத்துக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்க வேண்டாமா என்று யாரோ சொல்லப்போக, பெண்டுகள் எல்லாம் கூடி ஆடி மாதத்தில் மண்ணுக்கு வளைகாப்பே நடத்திவிட்டார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு கிளறி, ஆளுக்கொரு கவளம் மண்ணுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தாங்கள் சாப்பிட்டு, கண்ணாடி வளையலைக் கரையோரம் அடுக்கி வைத்துக் குலவையிட்டார்கள். மண் புளிச்சோற்றைத்தான் முதலில் தின்றது என்று கோமு மயினி சத்தியம் பண்ணினாள்.

ஆழம் இடுப்பளவுக்கு வந்தபோது மாசானம் ஓரத்தில் கொஞ்சம் தோண்டி, மண் எப்படி இருக்கிறதென்று ஊருக்குக் காட்டினார். மேலே ஒரு சாண் கன்னங்கரேலென்று பொலபொலப்பாக வேரும் புழுவுமாக இருந்தது. அதற்குக் கீழே செவசெவவென்று இறுகின களி. அதற்கும் கீழே உதிரிச் சரளை. அடியில் பாதி வெந்த கிழங்கு மாதிரிப் பாறை, கடப்பாரை பட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த கோமு மயினி அங்கேயே பெயர் வைத்துவிட்டாள். மேலே இருக்கிறது மருமகள், எல்லா வேலையும் அவள்தான் செய்கிறாள், எல்லாரும் அவளைத்தான் மிதிக்கிறார்கள். அடுத்தது மாமியார், மேலே இருந்து வடிகிற சத்தையெல்லாம் வாங்கி இறுக்கி முடிந்து வைத்துக்கொள்கிறாள், லேசில் விடமாட்டாள். சரளை மாமனார், எதைக் கொடுத்தாலும் கையில் தங்காது, அப்படியே ஒழுகவிட்டுவிடும். அடிப்பாறை குலசாமி, ஒன்றும் பேசாது, எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஊரே சிரித்தது. அன்றையிலிருந்து "மாமியார் வரைக்கும் ஈரம் இறங்கிருக்கா?" என்று கேட்டால் கல்லாம்பொத்தையில் சின்னப்பிள்ளைக்கும் புரியும்.

வேளாண்மை ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். ஓரங்குல மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும், பாறை வெயிலில் வெடிக்க வேண்டும், மழையில் கரைய வேண்டும், பாசி பிடிக்க வேண்டும், இலை விழுந்து மக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவ்வளவு நாள் நாங்க இருக்க மாட்டோமே சார் என்றார் மாசானம். அதுவும் சரிதான் என்று சொல்லி, டீ குடித்துவிட்டு, ஒரு பொட்டலம் மண் வாங்கிக்கொண்டு போனார் அவர்.

இவ்வளவு நாளும் பிரமு ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கத்தரி. அவள் அண்ணன் வந்தபோது துணியில் முடிந்து கொண்டுவந்த விதை அடுக்களை மாடத்தில் இருந்தது. விளக்கு ஏற்றப் போகும்போதெல்லாம் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. வண்டிமலை தங்கமான பிள்ளை, மாமனார் அதைவிட. ஆனாலும் கையால் ஒரு விதையை ஊன்றி, அது முளைத்து, இலை விட்டு, காய்க்கிறதைப் பார்க்காத ஊரில் தான் வாழவில்லை, விருந்துக்கு வந்திருக்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வேலையெல்லாம் முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்கிறது மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காலையில் அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். ஆழம் பார்த்துக்கொண்டிருந்த மாசானம் நிமிர்ந்தார்.

"ஏளா பிரமு, இங்கன ஒண்ணும் ஊனிராத. இது எனக்கு வேணும்."

"ஒங்களுக்கு என்னத்துக்கு மாமா?"

"படுக்க."

பிரமுவுக்கு முதலில் புரியவில்லை. அவர் கடப்பாரையில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். கல்லாம்பொத்தையில் செத்தவர்களைப் புதைக்க ஆறடி மண் கிடையாது; பாடையைத் தூக்கிக்கொண்டு கீழூர் ஓடைக்கரைக்குத்தான் போக வேண்டும். கீழூர்க்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை, இடமில்லை என்று சொன்னதில்லை. ஆனால் நல்ல மேடெல்லாம் அவர்களுக்கு, ஓடை ஓரத்துச் சரிவுதான் வந்தவர்களுக்கு. அவர் பெண்சாதி சண்முகத்தாயை அங்கேதான் வைத்தார்கள். அடுத்த ஐப்பசியில் ஓடை பெருகிக் கரையை அறுத்துக்கொண்டு போனது. மறுநாள் அவர் போய்ப் பார்த்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. சூடம் கொளுத்த ஓர் இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவந்தார்.

"எனக்கு ஆழம் வந்துட்டுன்னா போதும். இங்கனயே கெடப்பேன், எங்கயும் போமாட்டேன்."

"அதுவரைக்கும் அஞ்சாறு கத்தரி போட்டுக்கிடுதேன் மாமா. ஓரமா."

"போட்டா நாளைக்கு அதப் பிடுங்கணும்லா? காய்ச்சு நிக்க செடி மேல கை வைக்க யாருக்கு மனசு வரும்? பாவம்னு சொல்லி என்னையத் தூக்கி ஓடையில போட்ருவீக. நான் சொல்லுதேன், நடக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பிரமுவுக்கு எரிச்சல். அன்றையிலிருந்து மாமனாருக்கும் மருமகளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. சோறு போடுவாள், டம்ளரை நங்கென்று வைப்பாள். அவர் சாப்பிடுவார், நன்றாயிருக்கிறதென்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். வண்டிமலை பாடு மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. விஷயம் வீட்டைத் தாண்டி ஊருக்குப் போனது, ஊர் ரெண்டாகப் பிரிந்தது. வயசானவர்கள் எல்லாரும் குழிக்கட்சி, அடுப்படியில் நிற்கிறவர்கள் எல்லாரும் கத்தரிக்கட்சி. கடைசியில் ஊர்த்தலைவர் பால்வண்ணம் பொதுவில் உட்கார்ந்து யோசித்து, மண் ஆள் ஆழம் வருகிற வரைக்கும் யாரும் எதுவும் செய்யக்கூடாது, வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். எந்த வழக்கையும் அவர் அப்படித்தான் தீர்ப்பார்; பாதி வழக்குகள் காத்திருந்து காத்திருந்து தானாகவே மறந்துபோய்விடும்.

பிரமு மறக்கவில்லை. தீர்ப்புச் சொன்ன வாரமே, மாசானம் கல்குழிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, முற்றத்தின் வடக்கோரத்தில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய்த் தங்குகிற இடத்தில், விதையைத் தூவி, மேலாக மண்ணைத் தேய்த்துவிட்டு, வாழைமட்டையைப் போட்டு மூடிவிட்டாள். திருட்டுத்தனம்தான். ஆனால் அன்றைக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டே அடுப்பு மூட்டினாளென்று வண்டிமலை பிறகு சொன்னான்.

மண் நெஞ்சளவுக்கு வந்தது, அப்புறம் கழுத்தளவுக்கு வந்தது, வந்து நின்றுவிட்டது. மாசானம் ஒரு வாரம் விடாமல் ஊன்றிப் பார்த்தார், அதற்கு மேல் கடப்பாரை இறங்கவில்லை. போதும் என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று. தலைவரிடம் போய், பேசுகிறதையெல்லாம் பிறகு பேசுங்கள், நான் அளவு மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சாகிறதற்கு முன்னால் எவனாவது குழி வெட்டுவானா என்று தலைவர் கேட்டதற்கு, சட்டை தைக்கக் கொடுத்தால் போட்டுப் பார்க்க மாட்டாயா என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாள் காலையில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவரே இறங்கிவிட்டார். யாரையும் கிட்ட விடவில்லை. கல்லாம்பொத்தைக்காரனுக்குக் குழி வெட்டத் தெரியாதென்று யார் சொல்லமுடியும்? நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, நாலு சுவரும் கத்தியால் அறுத்த அல்வா மாதிரிச் செங்குத்தாக, அப்படி ஒரு குழி. மருமகளைத் தாண்டினார், மாமியாரைத் தாண்டினார், சரளைக்கு வந்தார். வந்தவருக்குப் பழைய புத்தி வேலை செய்தது. கல்குழியில் பாளம் பாளமாகக் கல்லை இறக்க வேண்டுமானால் அடியில் குடைந்துகொண்டு போவார்கள். மேலே பாறை எவ்வளவு கனமாக நின்றாலும் அசையாது, ஆப்பு வைத்து அடிக்கிற வரைக்கும் நிற்கும். அதே கையால் அவர் சரளையைக் குடைந்தார், கால் நீட்டப் பக்கவாட்டில் இடம் வேண்டுமே என்று தெற்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம். கல் நிற்கும். மண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று கல்லாம்பொத்தையில் யாருக்குத் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் பிரமு, அவள் கோபத்தில் அடுக்களையில் இருந்தாள்.

'பொத்' என்று ஒரு சத்தம் கேட்டது, பெரிய மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. பிரமு கரண்டியோடு ஓடிவந்தாள். தெற்குச் சுவர் முழுக்க உள்ளே சரிந்திருந்தது. குழி இருந்த இடத்தில் மண்தான் இருந்தது, மண்ணுக்கு மேலே மாசானத்தின் தலை மட்டும் இருந்தது, தலைப்பாகை கழலாமல்.

அவள் போட்ட கூச்சலில் ஊர் திரண்டுவிட்டது. கல்குழியிலிருந்து ஆண்கள் கடப்பாரையும் சம்மட்டியுமாக, தொம் தொம்மென்று பாறையில் ஓடிவருகிற கனத்த கால்களோடு வந்தார்கள். வடக்குச் சுவரும் அடியில் குடைந்து அந்தரத்தில் நிற்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. நேர்வழி அதுதான், அந்தப் பக்கமாகத்தான் ஓடிவந்தார்கள். கோமு மயினி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியையே தொடங்கிவிட்டாள். மாசானத்துக்கு மூச்சு நெஞ்சுக்குள் இறங்கவில்லை, மண் நாலு பக்கமும் கட்டிப் பிடித்திருந்தது, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் அவர் கண் எங்கேயோ பார்த்தது. தரைமட்டத்தில் இருந்த கண்ணுக்கு நேரே, மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில், சரிந்த அதிர்வில் வாழைமட்டை விலகிக் கிடந்தது; அங்கே ரெண்டு ரெண்டு இலையோடு, இன்னும் விதைத்தோல் தலையிலிருந்து கழலாமல், வரிசையில்லாமல், பச்சைப்பிள்ளைகள் மாதிரி கத்தரிநாற்று நின்றது. அவர் ஆயுளில் ஒரு முளையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஓடிவந்தவர்களைப் பார்த்து அவர் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"நில்லுங்கல. அந்தப் பக்கம் மிதிச்சிராதீக... பயிர் நிக்கி. சுத்தி வாங்க."

ஆண்கள் நின்றுவிட்டார்கள். சாகப்போகிற மனுஷன் சொல்லைத் தட்ட யாருக்கும் மனம் வரவில்லை, எல்லாரும் பின்னால் திரும்பி மேற்கே சுற்றி வந்தார்கள். பிரமு கடப்பாரையை எல்லாம் வீசச் சொன்னாள். யாரும் நிற்கக்கூடாது, குப்புறப்படுத்துக் கையால் அள்ளுங்கள், கரையில் கனம் ஏறக்கூடாது என்று கத்தினாள். மருமகள் மாமனார் முன்னால் அப்படிக் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. சம்மட்டி பிடித்த கைகளெல்லாம் வயிற்றில் படுத்துக்கொண்டு கோழி சீய்க்கிற மாதிரி மண்ணைச் சீய்த்தன. பிரமு அவர் முகத்தருகே படுத்து, உள்ளங்கையால் அவர் கழுத்துப் பக்கத்து மண்ணை அள்ளி அள்ளித் தள்ளினாள். நெஞ்சுவரை வந்ததும் அவருக்கு மூச்சு இழுத்தது, இழுத்த மூச்சில் முதலில் சொன்னது:

"ஏளா, அது ஒன் வேலதான?"

"ஆமா மாமா." அவள் அழுதுகொண்டே அள்ளினாள். "தப்புத்தான் மாமா. பெறகு ஏசுங்க."

"என்னத்த ஏச. உள்ள எவ்வளவு கதகதன்னு இருக்கு தெரியுமா," என்றார் மாசானம். "படுத்துப் பாத்தாச்சு, போதும். இனிம நீ வச்சுக்கோ."

அவரை இடுப்பில் துண்டைக் கட்டி மேற்குப் பக்கமாக இழுத்துப் பாறைமேல் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம், வடக்குச் சுவர் தன்பாட்டுக்கு, யாரும் தொடாமல், பாதி இறங்கி உட்கார்ந்தது. நாற்று நின்ற ஓரம் மட்டும் அசையவில்லை. ஆண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கமாக அத்தனை பேரும் ஓடி வந்திருந்தால் தலை உள்பட மூடியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பால்வண்ணம் மட்டும் குனிந்து நாற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆளைப் புதைத்தது புதைத்ததுதான். ஒப்பாரி வைத்ததும் வைத்ததுதான். சேதி கேட்டுக் கீழூரிலிருந்து மாலையோடு வேறு ஆள் வந்துவிட்டது. இதைச் சாவென்று எடுத்துக்கொள்கிறதா, இல்லையா? தலைவர் இந்தத் தடவை ஒத்திப்போடவில்லை. புதைத்தவனுக்குப் பதினாறு கும்பிடாமல் விட்டால் குற்றம், பிழைத்தவனைக் கும்பிட்டால் குற்றமில்லை, ஆகவே கும்பிடுங்கள் என்றார். மாசானத்துக்குப் பதினாறாம் நாள் விசேஷம் ஜாம் ஜாமென்று நடந்தது. அவரே பந்தியில் நின்று, தன் ஆத்மா சாந்தியடைய வந்தவர்களுக்கு இலை போட்டு, ரசம் ஊற்றி, போதுமா போதுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். கீழூர்க்காரர்கள் ரெண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, இப்படிச் செத்தால் நாங்களும் சாகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கத்தரி வளர்ந்தது. நாற்றைப் பிடுங்கி முற்றம் முழுக்க நட்டபோது மாசானம் கூடவே உட்கார்ந்து, உளி பிடித்துக் காய்த்துப்போன விரலால் ஒவ்வொரு நாற்றையும் முட்டையைத் தொடுகிற மாதிரித் தொட்டு நட்டார். பூத்தது, காய்த்தது, முள்ளுக் கத்தரி, கருநீலம், கையில் எடுத்தால் கனம். ஊர்க்காரர்கள் கூடை கூடையாக மண் கேட்டார்கள், பிரமு இல்லையென்று சொல்லவில்லை. அவரவர் முற்றத்தில் கொட்டினார்கள். அங்கெல்லாம் அது கீரை போடுகிற அளவுக்கு, நாலு விரல் கனத்துக்கு மேல் வளரவில்லை. போதும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். கழுத்தாழம் மண் அந்த ஒரு முற்றத்தில்தான் இருந்தது. பிரமுவுக்குப் பிள்ளைகள் பிறந்து, அந்த மண்ணிலேயே தவழ்ந்து, அதையே தின்று, கோமு மயினியிடம் அடிவாங்கி வளர்ந்தன. குழியைப் பற்றி மாசானம் அப்புறம் பேசவே இல்லை. ஒரே ஒரு தடவை, வண்டிமலை மெல்ல எடுத்தபோது, சண்முகத்தாய் போன வழியில் நானும் போகிறேன், அவளும் தனியாகத்தானே போனாள் என்று சொல்லி முடித்துவிட்டார்.

நல்ல காய்ப்புக் காலத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நோய் நொடி இல்லை, முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. ஊர் வந்து கூடியது. வண்டிமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழூருக்குச் சொல்லி அனுப்பினான். அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறார், செடியெல்லாம் காயும் பூவுமாக நிற்கிறது, அதைப் போய் எப்படி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பாடையில் வைத்து, ஆண்கள் தோள்கொடுத்துத் தூக்கி ஓடைப் பாதைக்குத் திரும்பினார்கள்.

பிரமு அழுதுகொண்டிருந்த பெண்டுகள் நடுவிலிருந்து எழுந்தாள். முந்தானையை வரிந்து செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, முதல் செடியைத் தூரோடு பிடித்துப் பிடுங்கினாள். அடுத்ததைப் பிடுங்கினாள். காயோடும் பூவோடும் வேரில் அப்பின கறுத்த மண்ணோடும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாறைமேல் போட்டாள், முள் கீறி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. தூக்கினவர்கள் நின்றுவிட்டார்கள்.

"எங்க கொண்டுபோறீக?" என்றாள் அவள். "மாமாவ இங்க கொண்டாங்க."

பாடை திரும்பியது. புதைக்கிற இடத்துக்குப் பொம்பளைகள் போகக்கூடாது என்பது வழக்கம். முற்றமே அந்த இடமாக இருக்கிறபோது எங்கே போவது, எல்லாரும் அங்கேயே நின்றார்கள். இந்தத் தடவை குழியை ஆண்கள் சரிவாக, பதனமாக, பிரமு சொல்லச் சொல்ல வெட்டினார்கள். கறுப்பு, சிவப்பு, சரளை என்று கடந்து, அடியில் பாறை தட்டுகிற இடத்தில் அவரைப் படுக்கவைத்தார்கள். அளவு சரியாக இருந்தது. முதல் பிடி மண் மகன் போட்டான், ரெண்டாவது பிடி, எந்த ஊரிலும் இல்லாத வழக்கமாக, மருமகள் போட்டாள்.

சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பாறைமேல் குவிந்து கிடந்த கத்தரிச்செடியிலிருந்து காயையெல்லாம் கோமு மயினி உட்கார்ந்து ஆய்ந்து, தன் வீட்டு அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். குளித்துவிட்டு வந்த ஊர் முழுக்க அந்தக் குழம்பை ஊற்றித்தான் சாப்பிட்டது. பிரமுவுக்கு நெஞ்சு கனமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது. முள் கீறின கை எரிய எரியப் பிசைந்து, ரெண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.